சுவரைப் பார்த்த பெட்டி

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், மனசளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையில் போன் இருக்கும்போது எதற்கு அம்மா பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நடுவில் உன் பெண் வந்து பொம்மையைக் காட்டுவாள், நான் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். நாலு மாதமாக அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ "சங்கம் எப்படிம்மா போகுது" என்று கேட்டாய், நான் "ஓடுதுப்பா" என்றேன். அது பொய். இந்த வயதில் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி வீட்டில் எல்லாம் பழையபடிதான். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. குழாய்க்காரர் மூன்று முறை வந்துவிட்டார், அவர் வந்து போகும் ஒவ்வொரு முறையும் சொட்டு கொஞ்சம் பெரிதாகிறது. அப்பா மாடிப்படியில் பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிறார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், எழுதித்தான் ஆகவேண்டும்.

சங்கத்தைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் மருமகளும் படிப்பாள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்குத் தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் வாடகை இல்லாமல் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் எங்கள் வேலை. பதிவுப் பத்திரத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு, ஊருக்குக் கட்டில் சங்கம் என்றால்தான் தெரியும். ஹெட்மாஸ்டர் தலைவர், மூக்குக் கண்ணாடிக் கடை மாமா செயலாளர், மருந்துக் கடைக்காரர் கமிட்டி உறுப்பினர், பத்தொன்பது வருடமாக நான் பொருளாளர். சம்பளத்துக்கு இருப்பது டிரைவர் ஒருவர்தான். வேனை நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறார் என்று நீ காலேஜ் படிக்கும்போது ஆமை அண்ணன் என்று பெயர் வைத்தாயே, அவரேதான். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது, கட்டிலுக்குப் போன் செய்கிறவர்கள்கூட "ஆமை அண்ணன் எப்ப வருவாரு" என்றுதான் கேட்கிறார்கள். அவருடைய சம்பளம், வேனுக்கு டீசல், கட்டில்கள் வைத்திருக்கிற கூடத்துக்கு வாடகை, ரிப்பேர், இவ்வளவுதான் செலவு. வரவு என்று பார்த்தால் சந்தா கொஞ்சம், நன்கொடை கொஞ்சம், பாதிக்கு மேல் பெட்டி.

பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. கட்டிலைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் எதிரில் ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் நன்றாக இருக்காது என்று மாமாதான் இந்த ஏற்பாட்டைச் செய்தார். அவர் கடையில் பிரேம்கள் அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தில் துளை போட்டு, துளைப் பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி கூடத்தின் மூலையில் வைத்தார். போடுகிறவர் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கையை விட்டுப் போட வேண்டும், நோட்டா, சில்லறையா, வெறுங்கையா என்று பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. "குடுக்கறவங்க முகத்தப் பெட்டிகூடப் பாக்கக்கூடாது தங்கச்சி" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். மாதக் கடைசிச் சனிக்கிழமை நானும் அவரும் பெட்டியைத் திறந்து எண்ணுவோம், இரண்டு பேரும் எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போடுவோம். எண்ணிக்கை என்றைக்கும் குறைந்ததே இல்லை. ஆண்டறிக்கையில் நானே என் கையால் எழுதினேன், பெட்டி வசூல்தான் நம் சங்கத்தின் முதுகெலும்பு என்று. கூட்டத்தில் அதைப் படித்தபோது கை தட்டினார்கள், மாமாவும் தட்டினார்.

டெபாசிட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் வங்கியில் தொடாமல் கிடக்க வேண்டும், அதுதான் ஒரு சங்கத்துக்கு உயிர் என்று ஆடிட்டர் சொல்லிக்கொடுத்தார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். உன் அம்மா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி என்று உனக்குத் தெரியாதா. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அந்த ஆறு மாதத்தைச் சேர்த்தோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேன் இன்ஜின் போனபோது டெபாசிட்டை உடைக்க வேண்டி வந்தது. அன்றைக்குக் கமிட்டியில் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இன்னொரு தரம் டெபாசிட்டில் கை வைக்கிற நிலைமை வந்தால் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன், என்னைப் பொருளாளர் என்று யாரும் கூப்பிட வேண்டாம் என்று கத்தினேன். மூன்று ஆண்பிள்ளைகளும் ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பையன்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருவர் ஹெட்மாஸ்டரே. மூன்று வருடத்தில் உடைத்ததை நிரப்பினோம். அதன்பின் ஒன்பது வருடம் டெபாசிட் குறையவே இல்லை. என் கண்டிப்பால்தான் குறையவில்லை என்று நினைத்தேன் கண்ணா. அது ஒரு வகையில் உண்மைதான் என்பதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு பெரிய அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். கணக்கைப் பார்த்தார்கள், கூடத்தைப் பார்த்தார்கள், மூன்று வருடத்துக்கு நம் செலவில் பாதியை அவர்களே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எங்கள் ஆறு மாத நிதி நிறைவாக இருக்கிறது, பெட்டி வசூலே எங்களுக்குப் போதும், எங்களைவிடக் கஷ்டப்படுகிற சங்கம் எதற்காவது கொடுங்கள் என்று பதில் எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் மாமாவிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "கொஞ்சம் யோசிச்சுட்டு அனுப்பலாமே தங்கச்சி" என்றார். இருக்கிறவர்கள் இன்னும் வாங்கினால் இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தைப் போட அவருக்கு என்ன பாடாக இருந்திருக்கும்.

மாமா போனது உனக்குத் தெரியும். கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் சாய்ந்துவிட்டார், எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர்தான். நம் சங்கத்துக் கட்டிலில் ஒரு நாள்கூடப் படுக்காமல் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் நானும் மருந்துக் கடைக்காரரும் பெட்டியைத் திறந்தோம். வழக்கமாக வருவதில் பாதிகூட இல்லை. ஊரே அவர் துக்கத்தில் இருந்தது, அதனால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். அடுத்த மாதம் அதையும்விடக் கொஞ்சம் குறைவு. கட்டில் பதிவேட்டைப் பார்த்தேன், எப்போதும்போல் பதினாலு பதினைந்து கட்டில் திரும்பி வந்திருக்கிறது. வந்தவர்கள் குறையவில்லை, பணம் மட்டும் குறைந்திருக்கிறது. அப்போது என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா, ஆமை அண்ணன் மேல் போயிற்று. கூடத்துச் சாவி என்னிடமும் அவரிடமும்தான் இருக்கிறது, பெட்டிச் சாவி ஒன்று என்னிடம், இன்னொன்று மாமாவிடம் இருந்தது, அது இப்போது எங்கே இருக்கிறதோ என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டிப் பூட்டை மாற்றினேன்.

மறுநாள் காலையில் அவர் வந்தார், புதுப் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் தன் கூடத்துச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்து, "பதினோரு வருஷமா இந்தச் சாவிய வெச்சிருக்கேம்மா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "பெட்டியில கொறையுதுன்னா அதுக்குக் காரணம் எடுத்தவங்க இல்ல, போட்டவர் போயிட்டாரு. நீங்க எண்றதுக்கு மொத நாளு ஐயா தனியா வருவாரு. என்ன டீ குடிச்சிட்டு வரச் சொல்லி அனுப்பிட்டு, சுவத்துப் பக்கமா நிப்பாரு. எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும், யார்கிட்டயும் சொல்லாதன்னு கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. செத்தவருக்குக் குடுத்த வாக்க இன்னிக்கு நான் ஒடச்சிட்டேன்" என்றார். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவரை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

அன்று மாலையே கமிட்டியைக் கூட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் மருந்துக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாசா மாசம் எங்கிட்ட வந்து பெரிய நோட்டா குடுத்து சின்னச் சின்ன நோட்டா மாத்திட்டுப் போவாரு. கடையில சில்லறைக்குன்னு நெனச்சேனே" என்றார். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. எண்ணும்போது சில நோட்டுகள் கசங்கி, கிழிந்து, பசை நாடா ஒட்டி வரும். யார் இந்தக் கஞ்சன், கடையில் செல்லாத நோட்டையெல்லாம் தர்மத்துக்குத் தள்ளிவிடுகிறான் என்று நான் திட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டே மாமா, "மனுஷங்க பலவிதம் தங்கச்சி" என்பார். ஒரே கையிலிருந்து வந்தது என்று தெரியக்கூடாது என்பதற்காக அந்த மனிதர் புது நோட்டை வாங்கிக் கசக்கி, சிலதைக் கிழித்து, தானே ஒட்டிப் போட்டிருக்கிறார். ஒன்பது வருடம் என் திட்டையும் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானும் பென்ஷன் வாங்குகிற நாளில் கொஞ்சம் போட்டு வந்ததாகச் சொன்னார். மருந்துக் கடைக்காரரும் போட்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஹெட்மாஸ்டர்தான் மெதுவாக, "டெபாசிட்ட ஒடைக்கணும்னா நீங்க போயிடுவீங்கன்னு பயம்மா" என்றார். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் போடுவதாக நினைத்துக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், என் கோபத்துக்குப் பயந்து பெட்டியை நிரப்பியிருக்கிறார்கள். ஊர் போட்டது என்று நான் எழுதி வைத்ததில் ஊர் போட்டது நாலில் ஒரு பங்குகூட இருக்காது. சங்கம் நோயாளியாகவே இருந்திருக்கிறது. நாங்கள் நாடியைப் பார்க்கிற கையாலேயே அதை ஓடவிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். மூன்று பேர் இல்லை, நாலு பேர் என்று எழுதவேண்டும் கண்ணா, ஏனென்றால் நானும் போட்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

ஆடிட்டரிடம் போனேன். அவர் கணக்கைப் பார்த்துவிட்டு, மாமா இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டினால் டெபாசிட் ஒரு வருடத்தில் கரைந்துவிடும், அதன்பின் டிரைவருக்குச் சேரவேண்டியதைக்கூடக் கொடுக்க முடியாமல் தெருவில் நிற்பீர்கள், கையில் இருக்கும்போதே ஒழுங்காக மூடுங்கள் என்றார். வேண்டாம் என்று சொன்ன அறக்கட்டளைக்கு வெட்கத்தை விட்டு எழுதிப் பார்த்தேன். எங்கள் பங்கை அப்போதே வேறு ஒரு சங்கத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், என்னுடைய அந்தக் கடிதத்தை இன்றும் மற்றவர்களுக்குக் காட்டிப் பாராட்டுவதாகவும் பதில் வந்தது. அந்தப் பாராட்டை எங்கே கொண்டுபோய் வைக்க. இந்த வருடக் கடைசியோடு மூடிவிடுவது என்று கையெழுத்துப் போட்டுவிட்டோம். கட்டில்களை அரசு ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்கிறது. வீட்டில் படுத்திருக்கிறவர்களுக்கு அங்கிருந்து கட்டில் வராது, அது அவர்கள் வேலை இல்லை. ஆமை அண்ணனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றார், மூடுகிறவரை வேனை ஓட்டுகிறேன் என்றும் சொன்னார், ஓட்டுகிறார். ஆனால் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறார், டீ கொடுத்தால் இப்போதுதான் குடித்தேன் என்கிறார். பதினோரு வருடம் நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்த மனிதர்.

இத்தனையிலும் பெரிய பாரம் மாமாவின் மனைவி, உன் அத்தைதான். காரியங்கள் முடிந்த மறுவாரம் பார்க்கப் போயிருந்தேன். கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் இருந்த இடத்தில் நாலு போல்ட் துளைதான் இருந்தது. கடையும் மேலே இருக்கிற வீடும் அடமானத்தில் இருப்பது அத்தைக்கே அவர் போனபிறகு கடன் கொடுத்தவர் தாளைக் கொண்டுவந்து காட்டினபோதுதான் தெரிந்ததாம். குடியில்லை, சீட்டாட்டம் இல்லை, நல்ல துணி ஒன்று வாங்கிக்கொள்ளாத மனிதர், எங்கே போயிற்று இவ்வளவு பணம் என்று யோசித்து யோசித்து அத்தை பாதியாக இளைத்துப்போயிருந்தாள். அவருக்கு வேறு ஏதாவது குடும்பம் இருந்திருக்குமோ என்றுகூட அவளிடம் ஒருத்தி வந்து கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "சங்கத்துல அவர் பேர்ல ஏதாவது சேமிப்பு இருக்கா அண்ணி, இருந்தா சொல்லுங்க" என்றாள். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாம் தெரிந்த பிறகு ஆடிட்டரிடம் கேட்டேன், அந்த டெபாசிட்டிலிருந்து அத்தைக்குத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று. "பெட்டியில விழுந்தா அது பெட்டியோடதும்மா. பேர் இல்ல, ரசீது இல்ல. நீங்க போட்டதையே நீங்க எடுக்க முடியாது" என்றார். ஆறு மாதப் பணம் என் கையெழுத்தில் வங்கியில் கிடக்கிறது, அதில் பெரும்பங்கு அந்த வீட்டிலிருந்து போனது, அந்த வீட்டுக்காரி வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள், நான் ஒரு தாளைக்கூட அசைக்க முடியாது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு வாரம் தவித்தேன். அவர் மறைத்ததை நான் சொல்வது துரோகமா, இல்லை சொல்லாமல் இருப்பதுதான் துரோகமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அந்தம்மா புருஷன சந்தேகப்பட்டுக்கிட்டே படுக்கப் போகுது, நீ நியாயம் பேசிட்டிருக்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். போன புதன்கிழமை போய்ச் சொன்னேன். அத்தை பாத்திரங்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை கையை நிறுத்தவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். கடைசியில் நிமிர்ந்து, "எவ்வளவு?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "மொத்தம் எவ்வளவு போட்டாருன்னு சொல்லுங்க அண்ணி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இவ்வளவு குடுத்தாருன்னு தெரிஞ்சா போதும், கேக்கறவங்களுக்குச் சொல்லிக்குவேன்" என்றாள். ஒரு குண்டூசி வாங்கினதற்கும் வவுச்சர் வைத்திருக்கிறவள் நான். பத்தொன்பது வருடப் பேரேடு, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் அந்தத் தொகை எங்கும் இல்லை. தெரியாது என்றேன். அத்தை, "உங்களுக்கே தெரியாதா" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் மாதாமாதம் ஏதாவது கொடுக்கிறோம் என்று சொன்னதற்கு, "எனக்கும் ஒரு பெட்டி வெக்கப் போறீங்களா" என்றாள். வருடக் கடைசிக்குள் தன் தம்பி வீட்டுப் பின்கட்டு அறைக்குப் போய்விடுவாள். தினமும் மத்தியானம் அந்த ஒன்பது வருடத்து நூற்றியெட்டு எண்ணிக்கைத் தாளையும், அவர் போன பிறகு எண்ணின தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் இருந்த மாதம் இவ்வளவு, இல்லாத மாதம் இவ்வளவு என்று கழித்துக் கழித்துப் பார்க்கிறேன். ஒரு தொகை வருகிறது, ஆனால் அது என் ஊகம், அத்தைக்கு ஊகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது என் கதை. மூன்று வருடமாக அப்பாவின் மூட்டு ஆபரேஷனுக்கு என்று நீ மாதாமாதம் என் கணக்குக்கு அனுப்புகிறாய். பணம் இன்னும் சேரவில்லையா என்று நீ இரண்டு தடவை கேட்டாய், டாக்டர் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார் என்று நான் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நீ அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்குப் போயிருக்கிறது. வசூல் கொஞ்சம் தளர்கிறாற்போல் இருந்த ஒரு மாதம், இந்த ஒரு மாதம்தானே என்று போட்டேன். ஆண்டறிக்கையில் என் எழுத்து பொய்யாகிவிடக்கூடாது என்றுதான் போட்டேன், தர்மத்துக்காக என்று உன்னிடம் மறுபடியும் பொய் சொல்ல மாட்டேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. போன மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "பாஸ்புக் அலமாரியிலதான கெடக்கு, எனக்குப் படிக்கத் தெரியாதா" என்றார். ஒன்றரை வருடமாகத் தெரியுமாம். ஏன் கேட்கவில்லை என்றால், "அது இல்லன்னா நீ என்ன பண்ணுவன்னு பயமா இருந்துச்சு" என்கிறார். என்னைப் பார்த்துப் பயப்படாதவர் இந்த ஊரில் யாராவது உண்டா என்றே எனக்குத் தெரியவில்லை. நீயும் எப்போதாவது அப்படிப் பயந்து எதையாவது என்னிடம் சொல்லாமல் விட்டிருந்தால் சொல்லிவிடு கண்ணா, கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடு.

உன்னுடைய பணத்தில் எவ்வளவு போயிற்று என்பது மட்டும் எனக்குச் சுத்தமாகத் தெரியும், ஒவ்வொரு மாதத் தொகையும் தேதியோடு தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதைத் திருப்புவதற்கு என் இரண்டு வளையலை விற்றுவிட்டேன், மீதி ஆபரேஷனுக்குள் சேர்ந்துவிடும். வளையலைப் பற்றி மருமகள் வருத்தப்பட வேண்டாம், அவளுக்கென்று வைத்த ஜோடியைத் தொடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்து எதுவும் செய்துகொள்ளாதீர்கள், நல்ல காரியம் என்றால் முக்கியமாக. குட்டிக்குக் காதுவலி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டு. நீ வேலை வேலை என்று வேளைக்குச் சாப்பிடாமல் இருக்காதே, போனில் உன் கன்னம் ஒட்டித் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்ய வேண்டாம், இரண்டு நாள் ஆகட்டும், உனக்குக் கோபம் வந்தால் அது முழுசாக வந்து தணியட்டும். உன் கோபம் நியாயமானது, நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இனி ஆபரேஷனுக்கு நீ ஏதாவது அனுப்பினால் அப்பாவின் கணக்குக்கு அனுப்பு, எண்ணைத் தனித்தாளின் கீழே எழுதியிருக்கிறேன். என் பெயருக்கு அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா